பழைய கன்சோல் ஓடவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பழுது நீக்கும் வழி

பழைய பொருள் விற்கும் ஆப்பான கேரோசெல்லில் "டெஸ்ட் பண்ணவில்லை, உள்ளது உள்ளபடி" என்று போட்டு விற்கும் நின்டெண்டோ ஃபேமிகாம், சேகா மெகா டிரைவ் போன்ற பழைய வீடியோ கேம் பெட்டிகளுக்குப் பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான்: விற்பவர் டெஸ்ட் பண்ணிவிட்டார், ஓடவில்லை. அதற்காக அது செத்த பெட்டி என்று முடிவு கட்ட வேண்டாம். சிங்கப்பூரில் இந்தப் பெட்டிகளைப் படுக்கவைப்பவை முக்கியமாக இரண்டு. 100 வோல்ட் நாட்டுக்காகச் செய்த பொருளை 230 வோல்ட் வீட்டில் சொருகுவது ஒன்று, இந்த ஊர் ஈரம் இன்னொன்று. சிப் தானாகச் சாவது அதற்கெல்லாம் அப்புறம்தான்.

அதனால் வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். முதலில் மின்சாரம், அப்புறம் தொடுமுனைகள், அப்புறம் டிவி, கடைசியாகத்தான் சால்டரிங் அயர்ன். யூடியூபைப் பார்த்துவிட்டு முதல் நாளே கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகம்) மாற்ற உட்காருபவர்கள், இருந்த ஒரு பழுதை இரண்டாக்கிவிடுகிறார்கள்.

கையில் ஒரு மல்ட்டிமீட்டர், 90 சதவீதத்துக்கு மேல் செறிவுள்ள ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், காட்டன் பட்ஸ், இந்தப் பெட்டிகளின் தனி ரகத் திருகைக் கழற்றும் 3.8 மி.மீ., 4.5 மி.மீ. கேம்பிட் இரண்டும் இருந்தால் போதும். சின்ன கேம்பிட் கேட்ரிட்ஜைத் திறக்க, பெரியது சூப்பர் ஃபேமிகாம் போன்ற பெட்டிகளைத் திறக்க. ஃபேமிகாமுக்குச் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவரே போதும். உதிரிபாகங்களுக்கு சிம் லிம் டவர் இருக்கிறது. பக்கத்து சிம் லிம் ஸ்கொயருக்குப் போய்க் கெப்பாசிட்டர் கேட்காதீர்கள். சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்ட பிறகு, பழைய பெட்டிகளைத் தரையில் பரப்பி வைத்து விற்கும் இடம் அந்தப் பக்கம் அப்படி எதுவும் மிஞ்சவில்லை.

ஸ்விட்ச் போட்டால் ஒன்றுமே இல்லை

முதலில் பெட்டியைப் பார்க்காதீர்கள், அடாப்டரின் முதுகைப் பாருங்கள். ஜப்பானிய அடாப்டரில் ஏசி 100 வோல்ட் என்று இருக்கும். அதன் இரண்டு தட்டைக் கால்கள் நம் மூன்று கால் சாக்கெட்டில் நேராக ஏறாது, ஆனால் எல்லார் வீட்டிலும் ஒரு டிராவல் அடாப்டர் இருக்கிறதே. அது காலின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. அப்படிச் சொருகிய அடாப்டர் உள்ளே கருகியிருக்கும். மூக்கை வைத்தாலே தெரியும். நல்ல சேதி என்னவென்றால், பல சமயம் அடாப்டர் மட்டும் எரிந்து பெட்டி தப்பித்துவிடும்.

பழைய அடாப்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். இங்கேதான் அடுத்த கண்ணி. ஃபேமிகாம், சூப்பர் ஃபேமிகாம் அடாப்டர்கள் 10 வோல்ட் டிசி, 850 மில்லி ஆம்பியர், நடு முனை நெகட்டிவ். முதல் மாடல் மெகா டிரைவ் 9 வோல்ட், 1.2 ஆம்பியர், அதுவும் நடு முனை நெகட்டிவ். ஆனால் கடையில் கிடைக்கும் சாதாரண அடாப்டர் எல்லாம் நடு முனை பாசிட்டிவ். பிளக் அதே அளவில் கச்சிதமாக ஏறும், ஆனால் மின்சாரம் தலைகீழாகப் போகும். அடாப்டர் ஸ்டிக்கரில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி அரைவட்டமும் வரைந்திருக்கும். புள்ளியின் பக்கம் கழித்தல் குறி இருந்தால்தான் இந்த மூன்று பெட்டிகளுக்கும் ஆகும்.

இதற்கு நான் எல்லாரிடமும் சொல்லும் குறுக்குவழி கிட்டார் கடை. கிட்டார் பெடல்களும் 9 வோல்ட், நடு முனை நெகட்டிவ், 5.5-க்கு 2.1 மி.மீ. பிளக்தான். பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கம் போனால் கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பார்கள். ஆம்பியரை மட்டும் பாருங்கள்: பெடலுக்கு 200 மில்லி ஆம்பியர் போதும், உங்களுக்கு 1 ஆம்பியராவது வேண்டும், மெகா டிரைவுக்கு 1.2. இரண்டாவது மாடல் மெகா டிரைவுக்கு இது எதுவும் பொருந்தாது. அதன் பிளக்கே வேறு, நடு முனை பாசிட்டிவ்.

ஃபேமிகாமின் அமெரிக்க வடிவமான என்இஎஸ் பெட்டியின் அடாப்டர் கையில் இருந்தால் அதை ஃபேமிகாமுக்குக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். அது ஏசி கொடுக்கும் அடாப்டர். என்இஎஸ் உள்ளே அதை டிசியாக மாற்றும் பாலம் இருக்கிறது, ஃபேமிகாமில் இல்லை.

வட்டு போட்டு ஓட்டும் பிளேஸ்டேஷன், சாட்டர்ன், டிரீம்காஸ்ட் பெட்டிகள் மூன்றும் இன்னும் ஆபத்து, ஏனென்றால் பவர் சப்ளை பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பின்னால் ஏறும் எட்டு வடிவ ஒயர் ஜப்பானியப் பெட்டிக்கும் உள்ளூர்ப் பெட்டிக்கும் ஒன்றேதான். வீட்டில் ரேடியோவுக்கு இருக்கும் ஒயரே ஏறிவிடும். தடுக்க ஒன்றுமே இல்லை. சொருகும் முன் பின்பக்க ஸ்டிக்கரைப் படியுங்கள். முதல் பிளேஸ்டேஷனில் மாடல் எண்ணின் கடைசி இலக்கம் 0 என்றால் ஜப்பான், 1 அமெரிக்கா, 2 ஐரோப்பா, 3 ஆசியா. 100 வோல்ட் என்று இருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஏற்கெனவே 230-ல் சொருகி 'டப்' என்று சத்தம் கேட்டிருந்தால், முதலில் உள்ளே ஃபியூஸைப் பாருங்கள். அதைத் தொடும் முன் ஒரு வார்த்தை: பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டர், 230 வோல்ட்டில் ஓடிய பெட்டியில் 320 வோல்ட்டுக்கு மேல் வைத்திருக்கும். ஒயரைப் பிடுங்கினாலும் கொஞ்ச நேரம் அது அப்படியே நிற்கும். மீட்டர் வைத்து இறங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் விரல்.

அடாப்டர் சரி, இன்னும் உயிர் இல்லை

பெட்டியைத் திறந்து, ஹீட் சிங்க்கில் திருகியிருக்கும் மூன்று கால் பாகத்தைத் தேடுங்கள். அதன் பெயர் 7805. வரும் 9, 10 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்குவதுதான் அதன் வேலை. எழுத்து உங்களைப் பார்க்கும்படி வைத்தால் இடது கால் உள்ளே வருவது, நடுக்கால் எர்த், வலது கால் வெளியே போவது. மீட்டரின் கறுப்பு ஒயரை நடுக்காலில் வைத்துவிட்டு, சிவப்பை முதலில் இடது காலில் வையுங்கள்.

அங்கேயே ஒன்றும் இல்லையென்றால் கோளாறு அதற்கு முன்னால்: பிளக் ஏறும் ஜாக்கின் சால்டர் விட்டுப்போயிருக்கும், இல்லையென்றால் பவர் ஸ்விட்ச். சூப்பர் ஃபேமிகாம் என்றால் போர்டில் ஒரு சின்ன ஃபியூஸும் உண்டு. தலைகீழ் அடாப்டர் போட்டவர்களுக்குப் பெரும்பாலும் அதுதான் போயிருக்கும். இடது காலில் 9 வந்து வலது காலில் 5 வரவில்லை என்றால் 7805-ஐ மாற்றுங்கள், விலை ஒரு கோப்பி காசுதான். வலது காலில் 1, 2 வோல்ட் மட்டும் வந்து அந்தப் பாகம் தொட முடியாமல் சுடுகிறது என்றால் போர்டில் எங்கோ ஷார்ட். அது வேறு கதை, 7805-ஐ மாற்றினாலும் அதையும் சேர்த்துச் சுடும்.

ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: 1983-இல் வந்த அசல் ஃபேமிகாமில் பவர் விளக்கே கிடையாது. "லைட் எரியவில்லை" என்று பாதி விலைக்கு விற்பவரைத் திருத்தலாமா வேண்டாமா என்பது உங்கள் மனசாட்சி.

உயிர் இருக்கிறது, திரை வெறும் கறுப்பு, அல்லது எழுத்தெல்லாம் கந்தல்

கேட்ரிட்ஜ். பத்தில் எட்டு தடவை என்று எண்ணிக்கை சொல்ல மாட்டேன், ஆனால் வேறு எதையும் யோசிக்கும் முன் கேட்ரிட்ஜ்தான்.

சின்ன வயதில் எல்லாரும் ஊதித்தான் போட்டோம். ஊதியதும் ஓடவும் செய்தது, ஏனென்றால் எடுத்து மறுபடி போட்டதில் முனைகள் புதிதாக உரசின. வாயிலிருந்து போன ஈரம் மட்டும் உள்ளேயே தங்கி முனையை அரித்துக்கொண்டிருந்தது. சரி, செய்ய வேண்டியது இது. காட்டன் பட்ஸை ஆல்கஹாலில் நனைத்து, தங்க நிற முனைகளின் மேல் நீளவாக்கில், உள்ளிருந்து வெளியே, தேயுங்கள். முதல் பட்ஸ் கறுப்பாக வரும். இரண்டாவது சாம்பல். பட்ஸ் வெள்ளையாகவே திரும்பி வரும்வரை நிறுத்தாதீர்கள். போர்டின் பின்பக்கத்திலும் முனைகள் உண்டு, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காய்ந்த பிறகு போட்டுப் பாருங்கள். அப்படியும் வரவில்லையென்றால் வெள்ளை ரப்பரால் லேசாக ஒரு தடவை தேய்த்து மறுபடி ஆல்கஹால். உலோக பாலிஷ் மட்டும் வேண்டாம், தங்கப் பூச்சே போய்விடும்.

சுத்தமான கேட்ரிட்ஜ் ஒன்று இருந்தால் அதைப் பத்துத் தடவை ஏற்றி இறக்குவதே பெட்டியின் ஸ்லாட்டுக்குப் பாதி வைத்தியம். ஒவ்வொரு தடவையும் கேட்ரிட்ஜ் முனையைத் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

தொண்ணூறுகளில் இந்தப் பக்கம் புழங்கிய தைவான் மைக்ரோ ஜீனியஸ் பெட்டிக்கான பல-விளையாட்டு கேட்ரிட்ஜ்கள் தனி ரகம். பலவற்றில் முனைக்குச் சரியான பூச்சே கிடையாது, நம் ஊர் ஈரத்தில் பச்சை பூத்துவிடும். துடைத்தால் சில ஓடும். உள்ளே சிப்புக்குப் பதில் கறுப்புப் பிசின் பொட்டு ஒன்று இருக்கும். கோளாறு அதற்குள் என்றால் கையை விரித்துவிட வேண்டியதுதான்.

இரண்டு மூன்று நல்ல கேட்ரிட்ஜிலும் சூப்பர் ஃபேமிகாம் கறுப்பாகவே இருக்கிறது, 5 வோல்ட்டும் சரியாக வருகிறது என்றால் சிபியுவோ படம் போடும் பிபியுவோ போயிருக்கலாம். இந்த சிப்களைப் புதிதாக யாரும் தயாரிப்பதில்லை. இன்னொரு செத்த பெட்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

டிவியில் "நோ சிக்னல்"

ஃபேமிகாம் வைத்திருப்பவர்களுக்கு இது பழுதே இல்லை. அசல் ஃபேமிகாம் ஆண்டெனா ஒயர் வழியாக மட்டும்தான் படம் தரும், அதுவும் ஜப்பானின் 1 அல்லது 2-ஆம் சேனலில். ஜப்பானில் அந்த இரண்டாம் சேனல் 96-லிருந்து 102 மெகாஹெர்ட்ஸ் வரை. நமக்கு அந்த இடம் வானொலி, ஒலி 96.8 ஓடிக்கொண்டிருப்பதே அங்கேதான். இங்கே விற்ற டிவிகளில் பெரும்பாலானவை அவ்வளவு கீழே தேடவே தேடாது. 2019 தொடக்கத்தில் அனலாக் ஒளிபரப்பும் நின்றுவிட்ட பிறகு புது டிவியில் இதற்கு நம்பிக்கை வைக்காதீர்கள். உள்ளே ஏவி அவுட் (மஞ்சள் பிளக் சொருகும் இணைப்பு) வைப்பதுதான் வழி. பிபியு சிப்பிலிருந்தே கலர் காம்போசிட் வருகிறது, ஒரு டிரான்ஸிஸ்டரும் சில ரெசிஸ்டர்களும் போதும். சால்டரிங் கற்றுக்கொள்ள நல்ல முதல் வேலை. அவ்வளவு பொறுமை இல்லையென்றால் 1993-இல் வந்த ஏவி ஃபேமிகாமைத் தேடுங்கள்.

படம் வருகிறது, ஆனால் கறுப்பு வெள்ளை

மஞ்சள் பிளக்கை டிவியில் எங்கே சொருகினீர்கள்? புது டிவிகள் பலவற்றில் மஞ்சளுக்குத் தனி ஓட்டை கிடையாது, பச்சை ஓட்டையைத்தான் பகிர்ந்துகொள்ளும். மெனுவில் காம்போனென்ட் என்று இருந்தால் ஏவி என்று மாற்றுங்கள். வண்ணம் வந்துவிடும். பழைய குழாய் டிவி என்றால், அது ஜப்பானின் என்டிஎஸ்சி முறை வண்ணத்தைப் படிக்காத, பால் (PAL) முறை டிவியாக இருக்கலாம். சிங்கப்பூர் பால் நாடு, நம்மிடம் புழங்கும் பெட்டிகளில் பாதி ஜப்பான் சரக்கு. மல்ட்டி சிஸ்டம் டிவியாகப் பார்த்து வாங்குங்கள். அந்தக் குழாய் டிவியைத் திறக்க மட்டும் ஆசைப்படாதீர்கள். இந்த வழிமுறையில் அதற்கு இடமில்லை, ஆயிரக்கணக்கான வோல்ட் உள்ளே நிற்கும்.

சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாக அனுப்பும் ஆர்ஜிபி ஒயர் வாங்குபவர்களுக்கு: ஐரோப்பிய ஸ்கார்ட்டும் ஜப்பானிய ஆர்ஜிபி 21-ம் பார்க்க ஒரே பிளக், உள்ளே ஒயர் வரிசை வேறு. மாற்றிப் போட்டால் படம் வராதது மட்டுமில்லை, ஏதாவது எரியவும் செய்யலாம்.

படம் வருகிறது, அழுத்தினால் மாரியோ தாமதமாகக் குதிக்கிறார்

பழுது டிவியில். பழைய பெட்டிகள் அனுப்புவது 240 வரி. பல டிவிகள் அதை 480i (ஒரு வரி விட்டு ஒரு வரியாக வரும் படம்) என்று நினைத்துக்கொண்டு அநாவசியமாகச் சமைக்கும். முதலில் கேம் மோட் போடுங்கள். பத்து வெள்ளி ஏவி-எச்டிஎம்ஐ டப்பாவை எடுத்துவிடுங்கள். ஆசை இருந்தால் பழைய பெட்டிகளுக்கென்றே செய்த ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க் போன்ற மாற்றுக் கருவி வாங்கலாம். இரண்டுமே 240 வரியை 240 வரியாகப் புரிந்துகொள்பவை. ஒளித்துப்பாக்கி எல்சிடியில் வேலை செய்யவில்லை என்று புலம்ப வேண்டாம். அது குழாய் டிவியின் வரிவரியான வெளிச்சத்தை நம்பிச் செய்தது, எந்த டப்பாவாலும் எல்சிடியில் அதைக் கொண்டுவர முடியாது.

சத்தம் குறைந்துகொண்டே போகிறது, திரை மங்கல்

சேகாவின் கைப்பெட்டி கேம் கியர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கெப்பாசிட்டர். பிசி என்ஜின் டுவோவும் அப்படித்தான். எண்பதுகளின் கடைசி, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போட்ட சின்ன மேற்பரப்பு எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் கசியும். அயர்ன் வைத்தவுடன் கெட்ட மீன் வாடை வரும். தேக்கா ஈரச் சந்தை வீட்டுக்குள் வந்துவிட்டதா என்று அம்மா எட்டிப் பார்ப்பார், ஜன்னலைத் திறந்து மின்விசிறி போட்டுக்கொள்ளுங்கள். கசிந்தது காரம். போர்டின் செம்புத் தடத்தை அது தின்றுகொண்டே இருக்கும், பெட்டியை அலமாரியில் சும்மா வைத்திருந்தாலும். அதனால் இந்த இரண்டு பெட்டிகளுக்கு மட்டும் "ஓடுகிறதே, விட்டுவிடலாம்" என்ற வாதம் செல்லாது.

பழைய கெப்பாசிட்டரை முறுக்கிப் பிடுங்கச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. அரிக்கப்பட்ட போர்டில் முறுக்கினால் கெப்பாசிட்டரோடு செம்புத் தட்டும் கையோடு வரும். இரண்டு கால்களிலும் புது ஈயம் சேர்த்து, மாறி மாறிச் சூடாக்கி, தானாக நழுவும்போது எடுங்கள். அந்த இடத்தை வெள்ளை வினிகரால் துடைத்து, அப்புறம் ஆல்கஹால். புதிது போடும்போது ஒரு விஷயம்: எலக்ட்ரோலிட்டிக்கில் கோடு போட்ட பக்கம் நெகட்டிவ், டேன்டலத்தில் கோடு போட்ட பக்கம் பாசிட்டிவ். டேன்டலத்தைத் தலைகீழாகப் போட்டால் தீப்பொறி பறக்கும்.

சேவ் அழிந்துவிடுகிறது

கேட்ரிட்ஜுக்குள் காசு வடிவ பேட்டரி இருக்கிறது. சூப்பர் ஃபேமிகாமில் பெரும்பாலும் சிஆர்2032, கேம்பாயில் சிஆர்1616 அல்லது சிஆர்2025. கேட்ரிட்ஜைத் திறந்து மீட்டர் வையுங்கள். 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 2.5-க்குக் கீழே என்றால் மாற்றுங்கள். கால் வைத்த பேட்டரியாகவே வாங்குங்கள். வெறும் பேட்டரியில் நேராக அயர்ன் வைத்தால் வெடிக்கும், செல்லோடேப் போட்டு ஒட்டுவது அடுத்த வருடமே விட்டுப்போகும். எடுத்த நொடியில் இருந்த சேவ் போய்விடும், அதனால் முன்னாலேயே டம்ப்பர் (கேட்ரிட்ஜைப் படிக்கும் கருவி) வைத்துக் கணினியில் நகல் எடுத்துவிடுங்கள்.

சாட்டர்ன் ஒவ்வொரு முறையும் தேதி கேட்டால் பின்பக்க மூடிக்குள் சிஆர்2032, ஒரு நிமிட வேலை. டிரீம்காஸ்ட் கேட்டால் அவசரப்படாதீர்கள். அதில் இருப்பது சார்ஜ் ஆகும் எம்எல்2032. சாதாரண சிஆர் பேட்டரியை அங்கே போட்டால் பெட்டி அதை சார்ஜ் செய்யப் பார்க்கும்.

டிரீம்காஸ்ட் நடுவில் தானாக ரீசெட்

பவர் சப்ளையைத் தூக்கினால் கீழே ஊசிகள் நிற்கும். ஆல்கஹாலால் துடைத்து மறுபடி உட்கார வையுங்கள். பெரும்பாலும் அவ்வளவுதான். நான்கு கன்ட்ரோலரும் ஒன்றாகச் செத்துவிட்டால் முன்பக்க சின்ன போர்டில் எஃப்1 என்ற பாகத்தைப் பாருங்கள்.

சிடி சுற்றுகிறது, படிக்கவில்லை

லென்ஸை ஆல்கஹால் தொட்ட பட்ஸால் மெல்ல, அழுத்தாமல். அப்புறம் லேசர் ஓடும் தண்டில் காய்ந்து பசையாகிப்போன கிரீஸைத் துடைத்துப் புதிது வையுங்கள். 1994-இல் வந்த முதல் பிளேஸ்டேஷன்களில் லேசர் வண்டியின் பிளாஸ்டிக் தேய்ந்து சாய்ந்துவிடும், பக்கத்திலேயே பவர் சப்ளை சூடு வேறு. தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் ஓடுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், இதுதான். லேசர் யூனிட்டை மாற்றுங்கள். லேசரில் இருக்கும் சின்னத் திருகைத் திருப்பிச் சக்தியைக் கூட்டலாம், ஓடவும் செய்யும், ஆனால் மிச்சமிருக்கும் ஆயுளைச் சேர்த்துத்தான் எரிக்கிறீர்கள்.

எமுலேட்டர் தகராறு

பழைய விளையாட்டுகளை வேறு கணினியில் ஓட்டும் மென்பொருள்தான் எமுலேட்டர். அதை ஓட்டும் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் திரை மூலையில் மின்னல் குறி வந்தால் மென்பொருளைக் குடையாதீர்கள். மின்சாரம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டது என்று அது சொல்கிறது. போன் சார்ஜரையும் நீளமான மெல்லிய ஒயரையும் எடுத்துவிட்டு, பை 4 என்றால் 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் போடுங்கள்.

கையடக்கப் பெட்டி இரண்டு மாதத்தில் பூட் ஆகவில்லையா? கூடவே வந்த மெமரி கார்டைச் சந்தேகப்படுங்கள். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளைப் போட்டுச் சொன்ன கொள்ளளவு உண்மையா என்று பாருங்கள். பல சமயம் பொய்.

பிளேஸ்டேஷன் விளையாட்டு திறக்கவில்லை என்றால் க்யூ (.cue) கோப்பை நோட்பேடில் திறந்து, அதில் எழுதியிருக்கும் பின் (.bin) கோப்பின் பெயரும் நிஜப் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். லினக்ஸ் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம்கூடப் பார்க்கும். அதுவும் சரியென்றால், பெட்டியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள்: எஸ்சிபிஎச்5500 ஜப்பான், 5501 அமெரிக்கா, 5502 ஐரோப்பா.

பாட்டு மெதுவாக, எல்லாரும் தண்ணீருக்குள் நடப்பதுபோல் தெரிந்தால் அது 50 ஹெர்ட்ஸ் பால் பதிப்பு. 60-க்காக எழுதியதை 50-இல் ஓட்டினால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். ஜப்பான் அல்லது அமெரிக்கப் பதிப்பை எடுங்கள்.

எல்லாம் சரியான பிறகு

பெட்டியைத் தொலைக்காட்சி அலமாரியின் அடியில் திணிக்காதீர்கள். கேமராக்காரர்கள் வைக்கும் டிரை கேபினெட் இங்கே சுலபமாகக் கிடைக்கும். 40, 50 சதவீத ஈரத்தில் வைத்தால் கேட்ரிட்ஜ் முனை பச்சை பூக்காது. கேம்பாயில் பேட்டரியைப் போட்டபடி விடாதீர்கள். தேறாத போர்டு ஏதாவது கையில் இருந்தால் பழைய சாமான் வாங்கும் கராங்குனிக்குக் கொடுத்துவிடாதீர்கள், அதிலிருக்கும் பிபியுவுக்காக யாராவது ஒருவர் தேடிக்கொண்டிருப்பார்.